வாலில் சிவப்பு, காதில் பச்சை

நான் போகாத ஒரு கூட்டத்தில்தான் என்னைப் பூனைகளுக்குப் பொறுப்பாளராக்கினார்கள். தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே, வயலை மனை போட்டு விற்ற ஒரு நகரில் நானும் என் மனைவியும் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நகர் என்பதெல்லாம் பெயர்ப்பலகையில்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். நடுவில் கல் நட்ட காலி மனைகளில் வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. ஒரகடம் போகிற வழியில் இருந்த பம்பு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். கூட்டம் நடந்த அன்று எனக்கு ஓவர்டைம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவி சொன்னாள்:

"உங்களைப் பூனைக்குப் போட்டிருக்காங்க."

"பூனைக்குப் போட்டிருக்காங்கன்னா?"

"சங்கத்துலங்க. தெருவிளக்குக்கு ஒருத்தர், தண்ணி டேங்குக்கு ஒருத்தர், பூனைக்கு நீங்க."

"நான் வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"நீங்க இருந்திருந்தா சொல்லியிருக்கலாம். நான் எழுந்து சொல்றதுக்குள்ள கை தட்டிட்டாங்க."

பூனைகள் விஷயம் விளையாட்டாக இல்லை என்பது எனக்கும் தெரியும். நகரின் முகப்பில் வேப்பமரத்தடியில் மீன்காரம்மா காலையில் மீன் ஆய்வார். மிச்ச செதிலும் குடலும் பக்கத்து மனைக்குப் போகும். வீடுகளிலும் அப்படித்தான், சாப்பிட்டு முடித்ததும் முள்ளைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டால் வேலை முடிந்தது. அதைத் தின்று எங்கிருந்தோ வந்த பூனைகள் பெருகியிருந்தன. வீட்டுப் பூனை ஒன்றுகூடக் கிடையாது. யாராவது கிட்டே போனால் முதுகைத் தூக்கிக்கொண்டு சீறும். ஆனால் ஆள் இல்லாதபோது பால் குண்டானின் மூடியை அவ்வளவு பக்குவமாக நகர்த்தும். இதையெல்லாம் எல்லோரும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சங்கத் தலைவர் வீட்டுப் பரணில் கொலு பொம்மைப் பெட்டிக்குள் ஒரு பூனை குட்டி போட்டது. அதன் பிறகுதான் விஷயம் தீர்மானமாக வந்தது.

தலைவர் எங்கள் கம்பெனியிலேயே ஸ்டோர்ஸில் பெரிய ஆள். பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு போல்ட் கேட்டாலும் எதற்கு, ஏன், பழையது எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார். மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் என்னைத் தேடி வந்தார்.

"கொல்லக் கூடாது. பாவம் நமக்கு வேணாம். புடிச்சிகினு போயி தூரமா வுட்டுடணும். அவ்ளோதான் வேலை. இதுல இன்னா கீது?"

"எங்க சார் விடறது?"

"அத நீதான்பா சொல்லணும். பொறுப்பு உன்னோடது."

இந்தத் திட்டத்துக்கு நகரில் ஒரே ஓர் எதிரி. மூலை வீட்டில் தனியாக இருந்த டீச்சர். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துபவர். தினமும் சாயங்காலம் காலி மனையோரம் ஒரு அலுமினியத் தட்டில் மீன் குழம்பு விட்டுப் பிசைந்த சோற்றை வைத்துவிட்டு, "வா ராசா, வா ராசா" என்று கூப்பிடுவார். எல்லாப் பூனைக்கும் ராசா ஒன்றுதான் பெயர். நான் போய், இனிமேல் சோறு வைக்க வேண்டாம் என்று சங்கம் கேட்டுக்கொள்வதாகச் சொன்னேன்.

"நான் சோறு வெக்காட்டி அதுங்க போயிடுமா?" என்றார்.

"போயிடும்னு சொல்றாங்க டீச்சர்."

"உங்க வீட்டு மீன் முள்ளு எங்க போவுது?"

நான் எங்கள் வீட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். "நான் வெக்கறது தட்டுல. நீங்க வெக்கறது தரையில. வித்தியாசம் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதல் பூனையைப் பிடிக்கப் பெரிய கூடை ஒன்றைக் குச்சியில் சாய்த்து வைத்து, உள்ளே கருவாடு போட்டு, குச்சியில் கட்டிய கயிற்றோடு நானும் மனைவியும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பிடித்தது பெரிய காரியமில்லை. கூடையிலிருந்து கோணிக்கு மாற்றியதுதான் காரியம். முழங்கை வரை கீறல். மனைவி மஞ்சளைக் குழைத்துத் தடவிவிட்டாள். கோணியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் மிதித்தேன்.

அந்த வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊரில் கையில் பையோடு நடமாடுவது லேசான காரியமாக இருக்கவில்லை. சாலை பிரியும் இடத்தில் எல்லாம் போலீஸ். காய்கறிப் பையைக்கூடக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஊரே தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்த காலம். இதெல்லாம் தெரிந்திருந்தும், தானாக அசைகிற ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு நான் ஏன் அந்த வழியாகப் போனேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தினார். "மூட்டைல இன்னா?"

"பூனை சார்."

"இன்னாது?"

"பூனை."

"எங்க எடுத்துகினு போற?"

"ஏரிக்கரையில விடறதுக்கு சார்."

"ஏன், அதுக்கு நடந்து போவத் தெரியாதா?"

"சங்கத்துல முடிவு பண்ணி என்னைப் பொறுப்பாப் போட்டிருக்காங்க சார்."

"பூனைக்கு சங்கமா?"

"இல்ல சார். மனுஷங்க சங்கம்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கைகள் இரண்டும் மஞ்சளாக இருந்ததையும் பார்த்தார். "தொற" என்றார்.

"வேண்டாம் சார். தொறந்தா..."

"தொறன்னா தொற."

திறந்தேன். பூனை அவர் தோளில் ஏறி, தொப்பியைத் தட்டிவிட்டு, ஓரமாக நின்ற போலீஸ் ஜீப்பின் மேல் குதித்து, அங்கே ஒரு கணம் நின்று எல்லோரையும் பார்த்தது. பிறகு இறங்கி ஓடியது. எங்கள் நகர் இருக்கும் திசையில்தான்.

கான்ஸ்டபிள் தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டே ஜீப்புக்குள் குனிந்தார். "பூனைதான் சார்" என்றார். உள்ளே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கவில்லை. "பூனைதானே. அனுப்பு" என்றார். கான்ஸ்டபிள் என்னைப் பார்த்து, "போலாம்" என்றார். வெறும் கோணியோடு ஏரிக்கரைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். நான் திரும்பி வந்தபோது பூனை டீச்சர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் கம்பெனி பஸ் ஞாபகம் வந்தது. அதை மட்டும் போலீஸ் அதிகம் கிளறுவதில்லை. எல்லோர் சட்டையிலும் பேட்ஜ் தொங்கும். எட்டிப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். காலையில் எங்களை ஏற்றிக் கம்பெனியில் இறக்கிவிட்டு, பஸ் மற்ற ஆட்களுக்காக வாலாஜாபாத் வரை போகும். டிரைவரிடம் கேட்டேன். அதிகம் பேசாத மனிதர்.

"கடைசி ஸ்டாப்புல வுட்டுட்டா போதுமா?" என்றார்.

"போதும்ணே. அங்க ரைஸ் மில் இருக்குல்ல? எலி நிறைய இருக்கும். பூனைக்கும் நல்லது."

"சரி, சீட்டுக்கு அடில வையி."

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பஸ்ஸில் வந்தவர்கள்தான். பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை, கூடவே வந்தால் என்ன கணக்கு என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். ஷிப்ட் முழுக்க எது தப்பாகப் போனாலும் என்னைப் பார்த்தார்கள். மெஷின் ஷாப்பில் ஒருநாள் பெல்ட் அறுந்தபோது சூப்பர்வைசரே வந்து, "இன்னிக்கும் கொண்ணாந்தியா?" என்று கேட்டார்.

தலைவருக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ஆனால் ஒரு குறை சொன்னார்.

"ஸ்டோர்ஸ்ல மார்க் போடாம ஒரு சாமான் வெளில போவுமா? போனது திரும்பி வந்தா எப்படித் தெரியும்? வால்ல ஒரு மார்க் போடு."

கிரில் கேட்டுக்கு அடித்து மீந்த சிவப்பு பெயிண்டை அவரே கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து பிடித்த பூனையின் வால் நுனியில் ஒரு தீற்று தீற்றித்தான் அனுப்பினேன். மனைவி கோணிக்குள் தலையை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். நான் பிரஷ்ஷோடு வாலுக்காகக் காத்திருப்பேன். எங்கள் கல்யாணமான முதல் வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

விடாமல் அனுப்பினேன். ஆனால் பூனை குறையவில்லை. போனதற்கு ஈடாக யாரோ நிரப்பிக்கொண்டே இருப்பது போல இருந்தது. பிறகு ஒருநாள் காலையில் மனைவி பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள். தண்ணீர்த் தொட்டியின் மேல் நான் பார்த்தே இராத ஒரு சாம்பல் பூனை உட்கார்ந்திருந்தது. அதன் இடது காது பச்சையாக இருந்தது.

அடுத்தடுத்து பச்சைக் காதுப் பூனைகள் தென்பட ஆரம்பித்தன. அவசரக் கூட்டம் போட்டார்கள். இந்த முறை நான் போனேன். ஒருவர் இது ஏதோ வியாதி, குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள் என்றார். வேண்டுதலாக இருக்கும், சேவலை நேர்ந்துவிடுவது போல என்றார் இன்னொருவர். தலைவர் இரண்டையும் தள்ளிவிட்டார்.

"இது கவர்மெண்டு வேலைதான். செக் பண்ணி ஓகே பண்ணதுக்குப் பச்சை போட்றாங்கோ. நம்ம கம்பெனிலயும் அதானே?"

"யார் சார் செக் பண்றது?" என்று கேட்டேன்.

"அதான் இன்ஸ்பெக்ஷன்ல நீ கீறியே, நீயே சொல்லு."

டீச்சர் கூட்டத்துக்கு வரவில்லை. ஆனால் புதுப் பூனைகளுக்காகத் தட்டைப் பெரிசாக்கிவிட்டார்.

அந்த மாதத்திலேயே வாலாஜாபாத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் வீட்டில் கிரகப்பிரவேசம். லீவு போட்டுவிட்டு மனைவியோடு போயிருந்தேன். சாப்பாடு முடிந்து வரும்போது, இரண்டாம் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் புறப்படத் தயாராக நின்றது. கம்பெனியில் அவர்களை இறக்கிவிட்டு அது ஸ்ரீபெரும்புதூருக்குத்தான் போகும். ஏறி உட்கார்ந்தோம். கடைசியாக, மூச்சிரைக்க ஒருவர் ஓடிவந்து ஏறினார். என் வயதுதான் இருக்கும். டிரைவர் பக்கம் போய், சீட்டுக்கு அடியில் ஒரு கோணியை வைத்துவிட்டு வந்து எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோணி அசைந்தது.

நான் அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறல்; சிலது ஆறியது, சிலது புதுசு. அவர் திரும்பி என் கையைப் பார்த்தார். மனைவிதான் கேட்டாள்.

"அண்ணே, பச்சை நீங்களா?"

"அப்போ செவப்பு நீங்களா?" என்றார்.

பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்பவர். நிரந்தரமாக இரண்டாம் ஷிப்ட். ஒரே கம்பெனியில் இருந்தும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததேயில்லை. ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் அவருக்கும் ஒரு சங்கம், ஒரு தலைவர், ஒரு தீர்மானம். செவப்பு வால் பூனைகள் வர ஆரம்பித்ததும், எந்தப் பூனை தங்களுடையது என்று தெரிய வேண்டுமே என்றுதான் அவர்கள் காதில் பச்சை போட ஆரம்பித்தார்களாம்.

"எங்க ஊட்டாண்ட செவப்பு வாலு பூனைய பார்த்துட்டு எங்க மாமியாரு கற்பூரம் ஏத்திட்டாங்க, தெரியுமா?" என்றார்.

நான் எழுந்து டிரைவரிடம் போனேன். "அண்ணே, நாங்க அனுப்பறதை அங்க விடறீங்க. அவங்க அனுப்பறதை எங்க ஊர்ல விடறீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் சம்பந்தி வூடுன்னு நெனச்சேன்பா. ஏதோ சீரு போயிகினு வந்துகினு கீதுன்னு வுட்டுட்டேன்."

"பூனையையா சீரா அனுப்புவாங்க?"

"எனுக்கு இன்னா தெரியும்? ஒவ்வொரு ஜாதிலயும் ஒவ்வொரு பழக்கம்."

கம்பெனி வாசல் வந்தது. பெயிண்ட் ஷாப்காரர் இறங்க வேண்டும். கோணி சீட்டுக்கு அடியில் கத்திக்கொண்டிருந்தது. அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. ஷிப்டுக்குப் பூனையோடு போக முடியாது. எனக்கும் தெரிந்தே அதை எங்கள் ஊருக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. "சீக்கிரம் சொல்லுங்கபா, டைம் ஆவுது" என்றார் டிரைவர். மனைவி குனிந்து கோணியின் வாயைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்தாள்.

"காதுல பச்சை இருக்கு. வால்லயும் சிவப்பு இருக்குங்க" என்றாள். "பாவம், பஸ்லயே போய்ப் போய் வருது" என்று சொல்லிக் கோணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் வரும் வரை கோணியைத் தடவிக்கொண்டே வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இரண்டு சங்கத்தாரும் உட்கார்ந்து பேசுவதென்று முடிவாகி, கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில் கூடினோம். எங்கள் தலைவர் எங்கள் பூனைகள் மொத்தத்தையும் ஒழுங்காகத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்றுதானே அனுப்பினோம் என்று நான் அவர் காதில் சொன்னேன். "வேணாம்ன்றது வேற, நம்ளுதுன்றது வேற" என்றார். அவர்கள் தலைவரும் சளைத்தவரில்லை. இரண்டு நிறமும் உள்ள பூனைகளை யார் வைத்துக்கொள்வது, வந்த இடத்தில் போட்ட குட்டிகள் யாருக்குச் சேர்த்தி என்று கேட்டார். டீ ஆறிப்போகும் வரை சண்டை நடந்தது.

என் மனைவி வற்புறுத்தி அழைத்துவந்ததால் டீச்சரும் வந்திருந்தார். கடைசியில் அவர் எழுந்து, பின் பெஞ்சுக்காரர்களைப் பார்ப்பது போல இரண்டு தலைவர்களையும் பார்த்தார்.

"கடுவன் பூனையை எல்லாம் மாட்டு ஆஸ்பத்திரில காட்டி ஆபரேஷன் பண்ணிடுங்க. மீன் குடலைக் குழி வெட்டி மூடுங்க. இருக்கறதுக்கு நான் சோறு போடறேன். இப்ப எனக்கு பஸ்சு இருக்கு" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். வேறு யாருக்கும் வேறு யோசனை இல்லாததால் அதுவே தீர்மானமாயிற்று.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசுக்காரர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மாடும் ஆடும் தவிர எதையும் தொட்டதில்லை என்றார். "படிக்கிறப்ப பண்ணியிருக்கேன். பெட்டைன்னா வயித்தைத் தொறக்கணும், அதுக்கு இங்க வசதி இல்ல. கடுவன்னா பண்ணிடலாம். ஆனா யார் பிடிக்கிறது?" என்று கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் மாட்டைக் கொம்பில் பிடித்து நிறுத்துகிறவர். என் கையைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். டாக்டர் யோசித்துவிட்டு, "ஒரு கம்பூட் கொண்டு வர முடியுமா?" என்று கேட்டார்.

பெயிண்ட் ஷாப்காரர் தன் கம்பூட்டைக் கொண்டுவந்தார், முழங்கால் வரை வருகிற கறுப்பு ரப்பர் பூட்ஸ். ஊசி போட்ட பூனையைத் தலைகீழாக உள்ளே இறக்கினோம். தலையும் முன்னங்கால்களும் பூட்ஸுக்குள் அடங்கிவிட்டன. டாக்டருக்கு வேண்டிய பாகம் மட்டும் வெளியே. பெயிண்ட் ஷாப்காரர் பூட்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், நான் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டேன். பத்துப் பேர் சேர்ந்து செய்யாத காரியத்தை ஒரு பூட்ஸ் செய்துவிட்டது. சினை ஊசி போட மாட்டோடு வந்திருந்த பெரியவர் ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பூனைக்கு எதுக்குப்பா பூட்ஸு போடறீங்க?" என்று கேட்டார். விளக்க யாருக்கும் கை ஓயவில்லை.

இதற்கிடையில் தலைவர், நகர் முகப்பில் இருந்த கரும்பலகையில், "கடுவன்களுக்கு இலவசக் கருத்தடை. அனைவரும் ஒத்துழைக்கவும்" என்று எழுதிவைத்திருந்தார். அந்த வாரக் கூட்டத்துக்கு ஆண்கள் வரத்து குறைவாகவே இருந்தது.

டாக்டருக்கு மாற்றல் வரும் வரை இரண்டு ஊர்க் கடுவன்களையும் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். இரவில் குழந்தை அழுவது போல வந்த அந்தச் சண்டைச் சத்தம்தான் முதலில் நின்றது. மீன்காரம்மாவுக்குக் குழி வெட்டிக் கொடுத்தோம். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு அதில் போடப் பழகிக்கொண்டார். குட்டிகளும் மெல்லக் குறைந்தன. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் பூனை பற்றிச் சொல்ல நான் எழுந்தபோது தண்ணீர் டேங்க் விஷயத்தில் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறு வருஷம் செப்டம்பரில் டீச்சர் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனார். போகும்போது அலுமினியத் தட்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். மனைவிக்கு மாசம் நிறைந்திருந்தது, குனிய முடியாது. அதனால் சாயங்காலம் நான்தான் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன். காலி மனையோரம் தட்டை வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டால்தான் வரும் போலிருக்கிறது. தெருவில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "வா ராசா" என்றேன். இன்னொரு தடவை, "வா ராசா."

பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தலைவர். வேகத்தைக் குறைத்துக் காலை ஊன்றி நின்றார். தட்டையும் என்னையும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கொஞ்சம் சத்தமா கூப்டுபா" என்றார். "அந்தாண்ட பொதரு பக்கம் ரெண்டு கீது, அதுங்களுக்குக் கேக்கல."